காலண்டருக்குப் பின்னால் ஒளியும் பெரிய சிலந்தி

இரவில் குளியலறை விளக்கைப் போட்டதும் கதவுக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தி அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். சென்னை வீடுகளில் இப்படிக் கண்ணில் படுவது பெரும்பாலும் ஹெட்டரோபோடா வெனடோரியா என்ற இனம். 1767இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயரிட்டது. வெனடோரியா என்றால் லத்தீனில் வேட்டையாடுவது என்று பொருள். அதனால் இதை வேட்டைச் சிலந்தி என்றே சொல்லலாம். இது வலை பின்னாது. கரப்பான் பூச்சியை ஓடிப்போய்ப் பிடிக்கும். பரண், சாக்கடைக் குழாய் ஓரம், தினசரி காலண்டர் அட்டைக்குப் பின்புறம் எனக் கரப்பான் நடமாடும் இடமெல்லாம் இதற்கும் வீடுதான்.

பார்த்தவுடன் டரான்டுலா (தடித்த, மயிர் அடர்ந்த வேறொரு சிலந்தி வகை) என்று அலறித் துடைப்பத்தைத் தேடுகிறோம். பருமனையும் மயிரையும் வைத்து முடிவு செய்வதால் வரும் தவறு இது. முதலில் அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். வேட்டைச் சிலந்தியின் எட்டுக் கால்களும் நண்டின் கால்களைப் போலப் பக்கவாட்டில் விரிந்து, உடல் சுவரோடு சுவராகப் படிந்திருக்கும். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள கீறலில்கூட நுழைந்துவிடுவது இந்தத் தட்டையான உடலால்தான். டரான்டுலாவின் கால்கள் தடித்தவை. உடல் உருண்டு திரண்டிருக்கும். அதன் நச்சுப் பற்கள் இணையாகக் கீழ்நோக்கி இறங்கும். வேட்டைச் சிலந்தியின் பற்கள் இடுக்கியைப் போல ஒன்றையொன்று நோக்கி மூடும்.

இதன் உடல் நீளம் 2 முதல் 3 செ.மீ. கால்களை விரித்தால் 7 முதல் 12 செ.மீ. பயத்தில் பார்க்கும் கண்ணுக்கு எல்லாமே பெரிதாகத் தெரியும். ஆகவே படம் எடுக்கும்போது பக்கத்தில் உள்ள சுவிட்சோ டைல்ஸின் விளிம்போ சட்டகத்துக்குள் வரட்டும். சிலந்தி ஓடிய பிறகும் அதை அளந்து கணக்குப் போடலாம். முடிந்தால் முகத்தை நேராக ஒரு படம் எடுங்கள். கண்களுக்குக் கீழே மீசை வைத்ததுபோல வெளிர்மஞ்சள் பட்டை ஒன்று குறுக்கே ஓடும். கண்கள் எட்டும் நான்கு நான்காக இரண்டு வரிசை. கால்களில் கரும்புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு முள் நீட்டிக்கொண்டு நிற்கும். ஆண் ஒல்லி, கால் நீளம். பெண்ணுக்கு வயிறு பெரிது.

தரையில் ஓடும் ஓநாய்ச் சிலந்தியோடும் இதைக் குழப்பிக்கொள்வார்கள். அதற்கு நெற்றியில் இரண்டு கண்கள் மட்டும் பெரிதாகத் துருத்தியிருக்கும். முட்டைப்பையைப் பார்த்தால் சந்தேகமே வராது. ஓநாய்ச் சிலந்தி உருண்டைப் பையை உடலின் பின்முனையில் ஒட்டி இழுத்துப்போகும். வேட்டைச் சிலந்தியோ வட்ட மாத்திரை போன்ற வெண்ணிறத் தட்டைப் பையை வயிற்றுக்கு அடியில் அணைத்துக்கொண்டு திரியும். அதில் 400 முட்டைகள் வரை இருக்கலாம். மூலையில் ஒட்டடை கட்டி, தொட்டால் கிடுகிடுவென ஆடும் நெட்டைக்காலிச் சிலந்தி வேறு. தோட்டத்து வலையில் பெருக்கல் குறி போட்டு உட்கார்ந்திருப்பதும் வேறு.

“சிலந்தி மூத்திரம் பெய்து கொப்புளம் வந்துவிட்டது” என்ற பேச்சு நம்மிடம் உண்டு. சிலந்தியின் கழிவு வெறும் வெள்ளைச் சொட்டு. தோலை அது வேகவைக்காது. மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும் பெடெரஸ் என்ற சிறு வண்டு தோலில் நசுங்கினால் எரிச்சலோடு கோடுகோடாகக் கொப்புளம் எழும். அக்கி அம்மைக்கும் சிலந்தி மேல் பழி விழுவது உண்டு. அது வைரஸ் நோய். சீக்கிரம் மருத்துவரிடம் போனால்தான் மருந்து நன்றாக வேலை செய்யும். பூச்சியைத் தேடிக்கொண்டிருந்தால் அந்த நாட்கள் வீணாகும்.

வேட்டைச் சிலந்தி கையில் நசுங்கினால் கடிக்கும். முட்டைப்பையோடு இருக்கும் தாயைச் சீண்டினாலும் கடிக்கும். வலியும் வீக்கமும் வரும். உயிருக்கு ஆபத்து இல்லை. சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் போதும். வீக்கம் பரவினாலோ மூச்சு முட்டினாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

வெளியேற்ற நினைத்தால் டம்ளர் உதவாது. வாய் சிறிது என்பதால் விளிம்பில் கால் மாட்டி, சிலந்தியே காலைக் கழற்றிவிட்டு ஓடும். வளரும் குட்டிக்கு அடுத்த தோலுரிப்பில் கால் முளைக்கும். முழு வளர்ச்சி அடைந்ததற்கு முளைக்காது. 15 செ.மீ. வாயுள்ள பிளாஸ்டிக் டப்பா எடுங்கள். காற்று அசைவதையே கால் மயிரால் உணர்ந்துவிடும் என்பதால், வேகமாக வீசினால் டப்பா சுவரைத் தொடும் முன்பே அது போய்விடும். மெதுவாகக் கொண்டுபோய்க் கவிழ்த்து, அடியில் காலண்டர் அட்டையைச் செருகுங்கள். அட்டை வரும்போது கால்கள் தாமே உள்ளே ஒதுங்க நேரம் கொடுங்கள். பிறகு வெயில் படாத மரப்பட்டை ஓரமாக விடலாம்.

மறுநாள் அதே பரணில் இன்னொன்று செத்துக் கிடப்பதுபோலத் தெரிந்தால் கையிலெடுத்துப் பாருங்கள். முதுகு மூடி திறந்து, எட்டுக் கால்களும் உள்ளே வெற்றாக இருந்தால் அது உரித்துப்போட்ட சட்டை. செத்த சிலந்தி என்றால் கால்கள் உள்நோக்கிச் சுருண்டிருக்கும். கால்களை நீட்டுவது உடல்நீரின் அழுத்தம். உயிர் போனதும் அதுவும் போய்விடுகிறது.