சைலன்சரின் நீலம் எங்கே போனது?

காரில் டைட்டானியம் எக்ஸாஸ்ட் போட்டிருக்கும் வாசகர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். குழாயின் முனை நீலமும் ஊதாவுமாக ஜொலித்துக்கொண்டிருந்ததாம். மெட்டல் பாலிஷ் போட்டு அழுத்தித் தேய்த்ததும், தேய்த்த இடம் மட்டும் வெறும் வெள்ளி நிறமாகிவிட்டது. "சாயம் பூசி ஏமாற்றிவிட்டார்களா?" என்று கேட்கிறார்.

யாரும் ஏமாற்றவில்லை. அங்கே சாயம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

டைட்டானியம் எஃகைவிட மிகவும் லேசானது. ஒரு கன செ.மீ. எஃகு 7.8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம். அதனால்தான் பந்தயக் கார்களில் நுழைந்து, 2001-இல் செவர்லே கார்வெட் இசட் 06 மூலம் ஷோரூம் காரின் எக்ஸாஸ்டுக்கும் வந்தது. காற்றுப் பட்டதும் அலுமினியத்தைப் போலவே இதன் மேலும் ஓர் ஆக்சைடு படலம் உருவாகிறது. துரு மாதிரி உதிராமல் ஒட்டிக்கொண்டு, அடியில் இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. சாதாரணமாக அதன் தடிமன் சில நானோமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. 400, 500 டிகிரி செல்சியஸ் என்று சூடேற்றினால் தடிக்கத் தொடங்குகிறது. நிறமும் அப்போதுதான் வருகிறது.

இந்தப் படலம் டைட்டானியம் டை ஆக்சைடு. வெள்ளை பெயின்ட்டுக்கு வெண்மை தரும் அதே பொருள். பொடியாக இருந்தால் வெள்ளை, மெல்லிய படலமாக இருந்தால் நிறமே இல்லை. அப்புறம் நீலம் எங்கிருந்து வந்தது?

படலத்தின் மேல் விழும் ஒளியில் ஒரு பங்கு மேல்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. மீதி உள்ளே புகுந்து, அடியில் உலோகத்தில் பட்டு மேலே வருகிறது. இரண்டும் சேர்ந்துதான் நம் கண்ணை அடைகின்றன. உள்ளே போய் வந்த அலை கொஞ்சம் பின்தங்கியிருக்கும். இந்த ஆக்சைடின் ஒளிவிலகல் எண் வைரத்தினுடையதற்கு நெருக்கமானது. எனவே உள்ளே ஒளி நிதானமாகத்தான் நகரும், சின்னத் தடிமன்கூட நல்ல தாமதத்தைத் தரும். இந்தத் தாமதத்தால் எந்த நிற அலையின் முகடு மற்றதன் பள்ளத்தில் போய் உட்காருகிறதோ, அந்த நிறம் மங்கிவிடுகிறது. பள்ளியில் படித்த குறுக்கீட்டு விளைவுதான் இது. மழைத் தண்ணீரில் மிதக்கும் பெட்ரோலின் வானவில்லும் இதே கணக்கு.

ஆக, வெள்ளை ஒளியிலிருந்து எது கழிந்ததோ அது போக மிச்சம்தான் நம் கண்ணில் படுகிறது. படலம் மெலிதாக இருக்கும்போது நீலம் கழிகிறது, உலோகம் தங்க நிறமாகத் தெரிகிறது. இன்னும் தடித்தால் மஞ்சளும் ஆரஞ்சும் கழிகின்றன, நீலம் தெரிகிறது. அதற்கும் மேலே போனால் மறுபடி மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை என்று இன்னொரு சுற்று. செக்கச் சிவப்பு மட்டும் எந்தச் சுற்றிலும் வருவதில்லை. ஒரே பொருளின் தடிமனை மட்டும் மாற்றி இத்தனை நிறம் எடுக்க முடிகிறது என்பதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

தங்க நிறத்துக்கும் நீலத்துக்கும் நடுவே சில பத்து நானோமீட்டர்தான் வித்தியாசம். தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர். மெட்டல் பாலிஷில் இருக்கும் அராவும் துகள் ஒரு மைக்ரான் என்றே வைத்துக்கொள்வோம், அதுவே 1,000 நானோமீட்டர். நீலப் படலத்தின் மொத்தத் தடிமனைப் போலப் பல மடங்கு பெரிய கல் அது. வாசகரின் நீலம் போன வழி இதுதான். டூத்பேஸ்ட், சாம்பல், பாத்திரம் தேய்க்கும் நார் எல்லாம் இதே ரகம்.

கைரேகை விஷயம் இன்னும் சுவாரசியம். விரல் பட்ட இடத்தில் நிறம் மாறியது போலத் தெரியும். உண்மையில் படலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தோலின் எண்ணெய் மேலே இன்னொரு அடுக்காக உட்கார்ந்து, மேல்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியைக் குறைத்துவிடுகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் பழைய நிறம் வந்துவிடும். துடைக்காமல் வண்டியை ஸ்டார்ட் செய்தால்தான் வம்பு, எண்ணெய் கருகிக் கறையாக ஒட்டிக்கொள்ளும். ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் வைப்பவர்கள் வைக்கட்டும், சைலன்சரை மட்டும் விட்டுவிடுங்கள்.

நிறம் உள்ள பாகத்துக்கு, நன்றாக ஆறிய பிறகு, கார் ஷாம்பூ, தண்ணீர், மைக்ரோஃபைபர் துணி, கடைசியில் ஆல்கஹால். அவ்வளவு போதும். வீல் கிளீனர், துரு நீக்கி வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். எலுமிச்சை அமிலத்துக்கெல்லாம் அசையாத இந்தப் படலத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் அம்மோனியம் பைஃபுளோரைடும் கரைத்துவிடும். கைக்கும் அவை ஆபத்து.

நிறமில்லாத சாம்பல் பாகம் என்றால் பாலிஷ் போடலாம், படலம் தானாகவே மறுபடி வளர்ந்துகொள்ளும். உலோகத்தில் ஏற்கெனவே இருக்கும் கோடுகளின் திசையிலேயே தேய்க்க வேண்டும். இரும்பு நார் கூடாது, அதன் துணுக்குகள் மேலே தங்கித் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளிகளாகும். மெஷின் என்றால் குறைந்த வேகம். டைட்டானியம் வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்துக்குப் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது, தேய்க்கும் சூடு அதே இடத்தில் தேங்கிவிடும்.

இவ்வளவு பொத்திப் பொத்திப் பார்க்க வைப்பது இதன் விலை. டைட்டானியத்தின் கனிமமான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இருக்கிறது. அதிலிருந்து உலோகம் எடுப்பதற்கு இன்றும் நாம் நம்பியிருப்பது 1940-இல் காப்புரிமை பெற்ற குரோல் முறையை. மெதுவான முறை, செலவும் அதிகம். மலிவான மாற்று ஒன்றைக் கண்டுபிடிக்க நம் ஆய்வகங்களுக்குத் தாராளமாகப் பணம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, போன நீலம் திரும்புமா? திரும்பும். எஞ்சின் பக்கம் இருக்கும் குழாய் என்றால் ஓட ஓட அந்தச் சூட்டிலேயே நிறம் ஏறும், சில நேரம் நீலத்தையும் தாண்டி அடுத்த சுற்று மஞ்சளுக்கே போய்விடும். வாசகர் தேய்த்தது வால்முனை, அங்கே அவ்வளவு சூடு வராது. அதைக் கழற்றிக் கொண்டுபோய் நிதானமாகச் சூடேற்றலாம், இல்லாவிட்டால் அனோடைஸ் செய்யலாம். மின்சாரத்தைக் கடத்தும் கரைசலில் முக்கி நேர்மின்சாரம் கொடுத்தால் வோல்ட்டுக்குத் தக்கபடி படலம் வளரும். சுமார் 30 வோல்ட்டில் நீலம். பழகிய ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துச் செய்வதே நல்லது. பாலிஷ் பட்ட இடத்தை மட்டும் தனியாகச் செய்தால் ஒட்டுப் போட்டதுபோலத் தெரியும், முனை முழுவதையும் ஒரே சீராகச் செய்யச் சொல்லுங்கள்.