ஈனுலை: வேகம் யாருக்கு, ஈற்று எதற்கு?

"அதிவேக ஈனுலை" என்று ஒரு செய்தித் தலைப்பைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் கேட்டார்: "மத்த அணு உலையைவிட இதுல கரண்ட் சீக்கிரம் வந்துடுமா?" கேள்வியில் தப்பே இல்லை. தமிழில் ஒரு பெயருக்கு முன்னால் "அதிவேக" என்று போட்டால் அந்தப் பொருள்தான் வேகமாக ஓடும். அதிவேக ரயில், அதிவேக இணையம் என்று படித்துப் பழகிய கண் வேறு எப்படிப் படிக்கும்? ஆனால் இந்த உலையில் எதுவும் சீக்கிரம் நடப்பதில்லை. எரிபொருளாக உள்ளே போட்ட புளுட்டோனியம் இரட்டிப்பாகவே பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். கட்டி முடிப்பது இன்னும் மெதுவு. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையைக் கட்டத் தொடங்கியது 2004-இல். அதன் மையத்தை நிரப்பும் வேலை தொடங்கியது 2024 மார்ச்சில்.

வேகம் உலைக்கு இல்லை, நியூட்ரானுக்கு, அதாவது அணுக்கருவிலிருந்து சிதறும் ஒரு துகளுக்கு. அதற்கு அப்புறம் வருவோம். முதலில் ஈனுலை: எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் அணு உலை.

ஈன் + உலை. ஈன்ற உலை, ஈன்கின்ற உலை, ஈனும் உலை என்று மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. பள்ளியில் ஊறுகாயை வைத்து இந்த இலக்கணத்தைச் சொல்லிக்கொடுப்பார்கள். ஈனுலையும் அதே வார்ப்பு. பசு கன்று ஈனும், வாழை குலை ஈனும், நெல் கதிர் ஈனும். முதல் கன்று போட்ட மாட்டைத் தலையீற்றுப் பசு என்போம். உலை, கொல்லனுக்கும் உண்டு, சோறு வடிக்கும் அடுப்பிலும் உண்டு. கூடவே "என் பிழைப்புக்கே உலை வைத்துவிட்டான்" என்ற வழக்கும் இருக்கிறது. அணுசக்தியை எதிர்ப்பவர்களுக்கு இதைவிட வசதியான சொல் கிடைக்காது.

ஆங்கிலத்தில் இதற்குப் பிரீடர் என்று பெயர். கால்நடை வளர்ப்பிலிருந்து போன சொல். ஜெர்மானியர்கள் ப்ரூட்டர் என்றார்கள், அடைகாக்கும் கோழியின் வினை அது. நம் ஆட்களில் சிலர் "பெருக்கி" என்றும் எழுதிப் பார்த்தார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. பெருக்கி என்றதும் ஒலிபெருக்கிதான் நினைவுக்கு வருகிறது. இருப்பதையே பெரிதாக்கிக் காட்டுவது. இங்கே நடப்பது வேறு. எரியாத ஒன்று எரியக்கூடிய வேறொன்றாகப் பிறக்கிறது.

எப்படி? மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் சுலபமாகப் பிளந்து ஆற்றல் தருவது யுரேனியம் 235. அது நூற்றுக்கு 0.7 பங்குதான். மீதி 99.3 பங்கும் யுரேனியம் 238, பிளக்கச் சம்மதிக்காத ஜாதி. ஆனால் அது ஒரு நியூட்ரானை விழுங்கினால் யுரேனியம் 239 ஆகும். அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி வேறொன்றாக மாறப் பிடிக்கும் காலம், 23 நிமிடத்துக்குச் சற்று மேல். அது நெப்டூனியம் 239 ஆகி, இரண்டே கால் நாளுக்குச் சற்று மேலான அரை ஆயுளில் புளுட்டோனியம் 239 ஆகிறது. இந்தப் புளுட்டோனியம் நன்றாகப் பிளக்கும். ஈனுலையின் மையத்தைச் சுற்றி யுரேனியம் 238-ஐப் போர்வை மாதிரி அடுக்கிவைப்பது இதற்காகத்தான். ஈற்று அங்கே நடக்கிறது.

சரி, வேகம் எங்கே வருகிறது? கணக்கில் வருகிறது. ஒரு புளுட்டோனியம் அணு பிளந்தால் மூன்றுக்குக் கொஞ்சம் குறைவாக நியூட்ரான்கள் கிடைக்கும். ஒன்று அடுத்த அணுவைப் பிளந்து தொடர்வினையைக் காப்பாற்ற வேண்டும். இன்னொன்று போர்வைக்குப் போய், செலவான புளுட்டோனியத்துக்கு ஈடாக ஒன்றைப் பிறப்பிக்க வேண்டும். இதற்கு மேல் மிஞ்சுவதுதான் லாபம். அதிலும் எஃகுச் சுவரும் மற்றதும் தின்பது போக வேண்டும். மெதுவான நியூட்ரான் வந்து மோதினால் நாலில் ஒரு தடவைக்கு மேல் புளுட்டோனியம் பிளக்காமல் சும்மா விழுங்கிவிடுகிறது. அப்போது சராசரி வரவு இரண்டுக்குச் சற்று மேல்தான்; கைக்கும் வாய்க்கும் சரி. வேகமான நியூட்ரான் என்றால் அந்த வீண் குறைந்து வரவு கூடும். வேகம் இல்லாவிட்டால் இங்கே ஈற்று இல்லை.

பிளவில் பிறக்கும் நியூட்ரான் நொடிக்குச் சுமார் 20,000 கிலோமீட்டர் ஓடும். வழக்கமான உலைகளில் தண்ணீரோ கனநீரோ கிராஃபைட்டோ வைத்து அதை நொடிக்கு 2.2 கிலோமீட்டர் அளவுக்கு அடக்கிவிடுவார்கள். கோலிக்குண்டு ஒன்று அதே எடையுள்ள கோலியில் நேராக மோதினால் அங்கேயே நின்றுவிடும்; தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் நியூட்ரானுக்கு அப்படிப்பட்ட கோலி. பெரிய இரும்புக் குண்டில் மோதினால் வேகம் அவ்வளவாகக் குறையாமல் எகிறிப் போகும். அதனால் ஈனுலையில் தண்ணீருக்கு இடமில்லை. வெப்பத்தை எடுத்துச் செல்ல, நியூட்ரானின் வேகத்தை அவ்வளவாகக் குறைக்காத உருகிய சோடியத்தை ஓடவிடுகிறார்கள். 98 டிகிரி செல்சியஸில் உருகி 883 டிகிரியில்தான் கொதிக்கும் என்பதால் அழுத்தம் ஏற்றத் தேவையில்லை. ஆனால் காற்றில் பட்டால் தீப்பிடிக்கும், தண்ணீரில் பட்டால் வெடிக்கும். ஜப்பானின் மோன்ஜு உலையில் 1995 டிசம்பரில் சோடியம் கசிந்து எரிந்தது. 2016-இல் அதை மூடுவதென்றே முடிவெடுத்தார்கள். பிரான்சின் 1,200 மெகாவாட் சூப்பர்ஃபீனிக்ஸ் மக்கள் எதிர்ப்பு, கோளாறு, செலவு எல்லாவற்றிலும் சிக்கி 1990-களின் இறுதியில் நின்றது. ரஷ்யாவின் பெலோயார்ஸ்க்கில் உள்ள பிஎன்-600 உலையோ 1980-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வகை உலையை ரஷ்ய மொழியில் "வேக நியூட்ரான்களில் இயங்கும் உலை" என்றுதான் சொல்வார்கள். எது வேகம் என்பதில் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை.

ஆகவே என் தேர்வு "வேக நியூட்ரான் ஈனுலை". "அதி"யை எடுத்துவிடலாம், அது யாருக்கும் உதவவில்லை. தனித்தமிழ் வேண்டுவோர் "விரைநொதுமி ஈனுலை" என்று எழுதலாம். நியூட்ரானுக்கு நொதுமி நல்ல சொல். பகையும் இல்லாத, நட்பும் இல்லாத நிலையைப் பழைய உரையாசிரியர்கள் நொதுமல் என்றார்கள்; மின்னேற்றம் எந்தப் பக்கமும் இல்லாத துகளுக்கு அச்சாகப் பொருந்துகிறது.

இன்னொரு குழப்பம்: வேக உலை எல்லாம் ஈனுலை அல்ல. போர்வையை எடுத்துவிட்டு அமைப்பை மாற்றினால் அதே வகை உலை புளுட்டோனியத்தை ஈனுவதைவிட அதிகமாக எரிக்கும். அப்போது அதற்கு எரிப்புலை என்றுதான் பெயர் வைக்க வேண்டும். அணுக்கழிவுச் சண்டை நுழைவது இந்த வாசல் வழியாகத்தான்.

கழிவு என்றால் கழித்தது. கடையில் "கழிவு போக" என்பார்களே, அதே சொல். எதைக் கழிப்பது என்று தீர்மானிப்பவர் கணக்கு எழுதுபவர். சாதாரண உலையிலிருந்து எடுத்த எரிபொருள் கோலில் ஏறத்தாழ 95 விழுக்காடு இன்னும் யுரேனியம்தான். புளுட்டோனியம் சுமார் ஒன்று. பிளவில் உண்டான சீசியம், ஸ்ட்ரான்ஷியம் வகையறா மூன்று, நான்கு. அமெரிசியம், கியூரியம் போன்றவை கொஞ்சூண்டு. வேக உலைக்காரர்கள் சொல்வது இது: சீசியம் 137-க்கு அரை ஆயுள் 30 ஆண்டு, சில நூற்றாண்டுகளில் அடங்கிவிடும், புளுட்டோனியம் 239-க்கு 24,100 ஆண்டு, அதையும் அமெரிசியத்தையும் எங்கள் உலையில் எரித்துவிட்டால் காவல் காக்கும் காலம் வெகுவாகக் குறையும், மீதி எரிபொருள், அதைப் போய்க் கழிவு என்கிறீர்களே.

எதிர்த்தரப்பு சும்மா இல்லை. பிளவுப் பொருள்களிலும் டெக்னீஷியம் 99 இரண்டு லட்சம் ஆண்டுக்கு மேல் அரை ஆயுள் கொண்டது, அயோடின் 129 ஒன்றரைக் கோடி ஆண்டுக்கு மேல். ஆகவே ஆழத்தில் குழி தோண்டாமல் தப்ப முடியாது. எரிப்பதற்குமுன் கோலை அமிலத்தில் கரைத்துப் புளுட்டோனியத்தைத் தனியே பிரிக்க வேண்டும். பிரித்த புளுட்டோனியம் குண்டுக்கும் ஆகும். இந்தக் கவலையில்தான் அமெரிக்கா 1977-இல் இப்படிப் பிரிக்கும் வேலையை, அதாவது மறுபதனத்தைக் கைவிட்டது. நான் பார்த்தவரை "கழிவே இல்லாத உலை" என்று எழுதுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறார்கள்.

பின்லாந்தில் ஓல்கிலுவோட்டோ தீவில் நானூறு மீட்டருக்குக் கீழே பாறையைக் குடைந்து, இந்தக் கோல்களை அப்படியே செப்பு உருளைகளில் புதைக்க இடம் அமைத்திருக்கிறார்கள். பிரான்சின் லா ஹாக்கில் அதே மாதிரிக் கோலை வெட்டிக் கரைத்துப் பிரிக்கிறார்கள். ஓரிடத்தில் கழிவு, இன்னோரிடத்தில் சரக்கு. தமிழில் எழுதும்போது கோலுக்குப் "பயன்படுத்திய எரிபொருள்" என்ற நொதுமலான சொல் போதும். பிரித்தெடுத்த பிறகு கண்ணாடியோடு உருக்கி வார்க்கிறார்களே, அந்த மிச்சத்துக்கு "அணுக்கழிவு". அதில் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை.