சொந்தக் காசில் சூனியம்: ஈராக்கும் லேபர் கட்சியும்

2005 மே மாதம் பிரிட்டனில் நடந்த பொதுத்தேர்தலை லேபர் (தொழிலாளர்) கட்சிப் பிரதமர் டோனி பிளேரின் மூன்றாவது வெற்றி என்றுதான் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். வெற்றிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வாக்குக் கணக்கைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். 2001இல் லேபர் கட்சி வாங்கியது சுமார் 1 கோடியே 7 லட்சம் வாக்கு. நான்கு வருடம் கழித்து வாங்கியது 95 லட்சத்துச் சொச்சம். ஓட்டுப் போட வந்தவர்கள் குறைந்துவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. வாக்குப்பதிவு 59 சதவீதத்திலிருந்து 61 சதவீதமாகக் கூடியிருந்தது. பிரதான எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் அள்ளிக்கொண்டு போனதா? 84 லட்சத்திலிருந்து 88 லட்சத்துக்கு ஏறியது, அவ்வளவுதான். லிபரல் டெமாக்ரட் கட்சிதான் 48 லட்சத்திலிருந்து கிட்டத்தட்ட 60 லட்சத்துக்குத் தாவியது. 2003இல் அமெரிக்காவோடு சேர்ந்து பிளேர் இறங்கிய ஈராக் போரை, மூன்று பெரிய கட்சிகளில் எதிர்த்தது அது ஒன்றுதான்.

அப்படியானால் போர்தான் காரணம் என்று எழுதி முடித்துவிடலாமா? அங்கேதான் என் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல். அந்தத் தேர்தலையொட்டி வந்த கணிப்புகளில் 'உங்கள் வாக்கைத் தீர்மானிக்கும் முக்கியப் பிரச்சினை எது' என்ற கேள்விக்கு மருத்துவம், கல்வி, குற்றம், குடியேற்றம் என்றுதான் வரிசையாகப் பதில் வந்தது. ஈராக் எங்கோ கீழே கிடந்தது. இதைக் காட்டியே, 'மக்கள் போரைத் தாண்டி வந்துவிட்டார்கள்' என்று கட்சிக்காரர்கள் தங்களைத் தாங்களே தேற்றிக்கொண்டார்கள்.

நான் லண்டனில் வீடு வீடாகப் போய்க் கணிப்புக் கேள்விகள் கேட்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். இப்போது அப்படி வரும் பதில்களைத் தரம் பிரிக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்று சொல்ல முடியும். வாக்காளர் சொல்வதை நாங்கள் அவர் வாய்ச்சொல்லாகவே எழுதுவோம். அப்புறம் அலுவலகத்தில் ஒருவர் அதைப் படித்து, ஏற்கெனவே அச்சிட்ட தலைப்புகளில் எது பொருந்துமோ அந்த எண்ணைப் போடுவார். மருத்துவம் ஒரு எண், கல்வி ஒரு எண், வரி ஒரு எண். செய்தித்தாளில் வருவது அந்த எண்களின் கூட்டல் மட்டும்தான். வாய்ச்சொல்லை அதற்கப்புறம் பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் மளிகைக்கடை வைத்திருந்தார். லேபருக்கே போட்டுப் பழகியவர். முக்கியப் பிரச்சினை என்ன என்று கேட்டதற்கு ஆஸ்பத்திரி என்றார். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் காலம் குறைந்திருப்பதாக அரசாங்கம் சொல்கிறதே என்றேன். "தம்பி, ஆயுதம் இருக்கெண்டும் உவையள்தானே சொன்னவை. இனி உவையள் சொல்லுற கணக்கை என்னெண்டு நம்புறது?" என்றார். போருக்குக் காரணமாக அரசாங்கம் காட்டிய ஈராக்கின் பேரழிவு ஆயுதத்தைத்தான் அவர் சொன்னார். படிவத்தில் அவர் பதில் 'மருத்துவம்' என்ற எண்ணுக்குக் கீழே போனது. ஈராக்குக்கு அவர் கணக்கில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

போர் தனக்கென்று ஒரு கட்டத்தில் உட்காராமல், மற்ற எல்லாக் கட்டங்களுக்கும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. இத்தனைக்கும் காத்திருப்புக் காலம் உண்மையிலேயே குறைந்திருந்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை 1999இல் நடைமுறைக்குக் கொண்டுவந்ததும் இதே அரசாங்கம்தான். செய்ததையே சொன்னாலும் நம்ப ஆள் இல்லாத நிலைமை.

இந்த நிலைமையை எதிர்க்கட்சி உண்டாக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கன்சர்வேட்டிவ் கட்சியும் போரை ஆதரித்துத்தான் வாக்களித்தது. அமெரிக்கா கூப்பிட்டால் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1960களில் இதே லேபர் கட்சியின் பிரதமர் ஹரால்ட் வில்சன், வியட்நாமுக்குப் படை அனுப்பச் சொல்லி அமெரிக்கா கொடுத்த நெருக்கடியைச் சமாளித்து ஒதுங்கி நின்றவர். பிளேர் 2002 ஜூலையிலேயே ஜார்ஜ் புஷ்ஷுக்கு, எது வந்தாலும் உங்களோடு இருப்பேன் என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2016இல், ஈராக் போர் பற்றிய சில்காட் விசாரணை அறிக்கையோடு. ஆனால் 2002 செப்டம்பரில் அரசு வெளியிட்ட ஆவணத்தில் இருந்த '45 நிமிடம்' என்ற சொல் அப்போதே பட்டிதொட்டியெல்லாம் பரவியிருந்தது. ஈராக் 45 நிமிடத்தில் பேரழிவு ஆயுதத்தை ஏவத் தயாராகிவிடும் என்றது அந்த வாக்கியம். அந்த ஆயுதத்தைத் தேடிக்கொண்டு போன படைகள் கடைசிவரை அப்படியொன்றைக் கண்டுபிடிக்கவில்லை.

எச்சரிக்கை உள்ளேயிருந்தே வந்தது. 2003 பிப்ரவரி 15 அன்று லண்டன் தெருவில் கூடிய கூட்டம் போலீஸ் கணக்கிலேயே ஏழரை லட்சம். நடந்தவர்களில் லேபர் உறுப்பினர்களும் இருந்தார்கள். மார்ச் 17இல் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ராபின் குக் அமைச்சரவையை விட்டு விலகினார். மறுநாள் லேபர் எம்.பி.க்கள் 139 பேர், போருக்கான நியாயம் நிரூபிக்கப்படவில்லை என்ற திருத்தத்துக்கு வாக்களித்தார்கள். ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்துகொண்டு இத்தனை பேர் எழுந்து சொன்னால் ஒரு தலைமை நின்று யோசிக்கும் என்று நினைப்போம். யோசிக்கவில்லை.

உள்நாட்டுப் பிரச்சினைகளுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் மையம் 2004 ஜனவரி 27, 28 ஆகிய இரண்டு நாட்கள்.

27ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. பல்கலைக்கழகக் கட்டணத்தை ஆண்டுக்கு 3,000 பவுண்ட் வரை உயர்த்திக்கொள்ளலாம் என்ற மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. 2001 தேர்தல் அறிக்கையில் லேபர் கட்சி எழுதியிருந்தது என்ன தெரியுமா? கூடுதல் கட்டணத்தைக் கொண்டுவர மாட்டோம், அதைத் தடுக்கச் சட்டமே இயற்றிவிட்டோம் என்று. ஒளிவுமறைவில்லாத ஒற்றை வாக்கியம். அரசாங்கம் சொன்ன சமாதானம் அதைவிட வேடிக்கையானது: புதிய கட்டணம் 2006இல்தான் நடைமுறைக்கு வரும், அதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடும், ஆகவே இந்த ஆட்சிக்காலத்துக்குக் கொடுத்த வாக்கு மீறப்படவில்லை. வக்கீல் வாதமாக இது செல்லும். பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பக் காத்திருக்கும் தகப்பனிடம் செல்லாது. 160க்கும் மேல் பெரும்பான்மை வைத்திருந்த அரசாங்கம் அந்த வாக்கெடுப்பில் 316க்கு 311 என்று வெறும் ஐந்து வாக்கில் தப்பியது.

திட்டம் ஒன்றும் அநியாயமானது இல்லை என்பது என் அபிப்பிராயம். படிக்கும்போது பணம் கட்ட வேண்டாம், வேலை கிடைத்து வருமானம் வந்தபிறகு தவணையாகக் கட்டினால் போதும். ஏழை மாணவர்களுக்கான உதவித்தொகையும் திரும்ப வந்தது. வேறொரு நேரத்தில், வேறொரு வாயிலிருந்து வந்திருந்தால் விவாதித்து ஏற்றுக்கொண்டிருப்பார்கள். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர்கள் என்ற பேச்சு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நேரம் அது.

மறுநாள் 28ஆம் தேதி ஹட்டன் விசாரணை அறிக்கை வந்தது. 2002 ஆவணத்தை அரசாங்கம் மிகைப்படுத்தியது என்ற பிபிசி செய்திக்கு மூலமாக இருந்த ஆயுத நிபுணர் டேவிட் கெல்லியின் மரணத்தையொட்டி அமைக்கப்பட்ட விசாரணை. அரசாங்கத்தின் மீது தப்பில்லை, பிபிசி மீதுதான் தப்பு என்று தீர்ப்பு. பிபிசி தலைவரும், அடுத்து தலைமை இயக்குநரும் பதவி விலகினார்கள். பிளேருக்கு இதைவிட நல்ல அறிக்கை வந்திருக்க முடியாது. ஆனால் அடுத்த நாள் 'இண்டிபெண்டன்ட்' பத்திரிகை தன் முதல் பக்கத்தை ஏறக்குறைய வெற்றாக விட்டு, பூசி மெழுகிய வேலையா என்று ஒரு கேள்வியை மட்டும் போட்டது. மக்களும் அப்படித்தான் கேட்டார்கள். குற்றமற்றவர் என்று ஒரு நீதிபதி எழுதிக் கொடுத்த காகிதத்தையே ஊர் சந்தேகித்தது.

அந்த வருடம் ஜூனில் உள்ளாட்சித் தேர்தலில் லேபர் அடி வாங்கியபோது, துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட் ஈராக்கை இந்தத் தேர்தல்மீது படிந்த மேகம் என்றார். கட்டத்துக்குள் அடங்காத விஷயம் என்று அவருக்காவது பிடிபட்டிருக்கிறது.

2005 தேர்தல் இரவில் இரண்டு காட்சிகள். லண்டனின் பெத்னல் கிரீன் தொகுதியில், போர் எதிர்ப்புக்காகக் கட்சியிலிருந்து நீக்கப்பட்ட ஜார்ஜ் காலவே, 10,000 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்திருந்த லேபர் எம்.பி.யை 823 வாக்கில் தோற்கடித்தார். பிளேரின் சொந்தத் தொகுதியான செட்ஜ்ஃபீல்டில், ஈராக்கில் மகனைப் பறிகொடுத்த ரெக் கீஸ் சுயேச்சையாக நின்று 4,000க்கும் மேல் வாக்கு வாங்கினார். முடிவு அறிவித்த மேடையில் ரெக் கீஸ் பேசும்போது பிளேர் பின்னால் நின்று கேட்க வேண்டியிருந்தது.

சரி, ஜெயித்துத்தான் ஆகிவிட்டதே, இனியாவது பாடம் படித்திருப்பார்கள் என்று பார்த்தால், செப்டம்பர் மாதம் பிரைட்டனில் நடந்த கட்சி மாநாட்டில் வால்டர் வுல்ஃப்கேங் விவகாரம். அவருக்கு வயது 82. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர். 1948 முதல் லேபர் உறுப்பினர். வெளியுறவு அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா மேடையில் ஈராக்கை நியாயப்படுத்திப் பேசிக்கொண்டிருந்தபோது, இருக்கையிலிருந்தே 'பேத்தல்' என்ற பொருளில் ஒரு சத்தம் போட்டார். வாட்டசாட்டமான ஆட்கள் வந்து அவரைத் தூக்கி வெளியே தள்ளினார்கள். தொலைக்காட்சி கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் மறுபடி உள்ளே வர முயன்றபோது போலீஸ் தடுத்தது, அதுவும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ்! போர் வேறு, பாதுகாப்புக்கென்று கொண்டுவந்த சட்டம் வேறு என்று சொல்லிவந்தார்கள். இரண்டும் ஒரே கிழவர் மீது ஒரே மத்தியானத்தில் வந்து விழுந்தன. மறுநாள் பிளேர் மன்னிப்புக் கேட்டார். அடுத்த வருடம் கட்சியின் தேசியச் செயற்குழுவுக்கே உறுப்பினர்கள் வுல்ஃப்கேங்கைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நவம்பரில் அரசாங்கம் மறுபடி ஒரு பந்தயம் கட்டியது. பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடிபட்டவரைக் குற்றச்சாட்டு இல்லாமலே 90 நாள் அடைத்து வைக்கலாம் என்ற பிரிவு. 52 உயிர்களைப் பறித்த ஜூலை 7 குண்டுவெடிப்பு நடந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, மக்களிடம் ஆதரவும் இருந்தது. இருந்தும் 322க்கு 291 என்று தோற்றது. மக்களவையில் பிளேர் அரசுக்கு முதல் தோல்வி, தோற்கடித்தவர்களில் 49 பேர் சொந்தக் கட்சிக்காரர்கள். உளவுத் தகவல் இப்படிச் சொல்கிறது என்று ஒருமுறை நம்பிக் கைதூக்கியவர்கள் இரண்டாம் முறை தூக்கத் தயங்கியதில் ஆச்சரியமில்லை. அடுத்து 2006இல் கட்சி ரகசியமாக வாங்கிய கடன்களுக்கும் பிரபுப் பட்டங்களுக்கும் தொடர்பு உண்டா என்று போலீஸ் விசாரணை. கடைசியில் யார்மீதும் வழக்குப் போடப்படவில்லை. போட்டிருந்தால்கூட அதைவிட மோசமாகப் பெயர் கெட்டிருக்காது.

கணிப்புகளில் தெரியாத இன்னொரு சேதம் உறுப்பினர் பட்டியலில் தெரிந்தது. 1997இல் சுமார் 4 லட்சம் பேர் இருந்த கட்சி, 2005 வாக்கில் அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. விலகிப் போனவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? மழையில் துண்டறிக்கை கொடுத்தவர்கள், தேர்தலன்று முதியவர்களைக் காரில் ஏற்றிவந்தவர்கள், கிளைக் கூட்டத்தில் 'இது எடுபடாது' என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள். இந்தக் கடைசி ரகம் போனதுதான் பெரிய நஷ்டம். நிதியமைச்சராக இருந்த கோர்டன் பிரவுன் 2007 பட்ஜெட்டில் குறைந்த வருமானக்காரர்களுக்கான 10 சதவீத வருமான வரி விகிதத்தை ரத்து செய்தபோது, தொழிலாளர் கட்சி என்று பெயர் வைத்துக்கொண்டு இதைச் செய்யலாமா என்று உடனே கேட்க உள்ளே போதுமான ஆள் இல்லை. ஒரு வருடம் கழித்து சம்பளச் சீட்டில் பார்த்த பிறகுதான் கூச்சல் எழுந்தது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு நஷ்டம். 270 கோடி பவுண்டை அவசரமாகக் கொட்டிச் சரிக்கட்டப் பார்த்தும், அதே மாதத்தில் க்ரூ அண்ட் நான்ட்விச் இடைத்தேர்தலில் தோற்றார்கள். 2010இல் ஆட்சியே போனது.

இவ்வளவையும் எழுதக் காரணம், கணிப்பு முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு கட்சிகள் பேசும்போது வாசகர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான். 'இந்தப் பிரச்சினை மக்களுக்குப் பத்தாவது இடத்தில்தான் இருக்கிறது' என்று ஒரு செய்தித் தொடர்பாளர் சொன்னால், அதே கணிப்பில் 'இவர் உண்மை பேசுபவரா' என்ற கேள்விக்கு என்ன பதில் வந்தது என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த அட்டவணை பின்பக்கங்களில் இருக்கும். நேர்மையான நிறுவனங்கள் கேட்ட கேள்விகளையும் முழு அட்டவணையையும் வெளியிடுகின்றன. பிரிட்டனில் கணிப்பு நிறுவனங்களின் சங்கமே அதை விதியாக வைத்திருக்கிறது. முதல் கேள்வி எது, அதற்கடுத்தது எது என்று வரிசையைப் பாருங்கள். கூடவே, போன கணிப்பில் ஆதரித்துவிட்டு இம்முறை 'தெரியாது' என்று சொன்னவர்கள் எத்தனை பேர் என்றும் பாருங்கள். எதிராளிக்கு மாறியவர்களைவிட இவர்களைப் பார்த்துத்தான் கட்சிகள் அதிகம் பயப்பட வேண்டும்.

இதே லேபர் கட்சி 2024இல் மறுபடி பிரமாண்டமாக ஜெயித்தது. 33.7 சதவீத வாக்கில் 400க்கும் மேல் இடங்கள். 2023 அக்டோபரில் காசாவுக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவது பற்றிக் கேட்டபோது, இஸ்ரேலுக்கு அந்த உரிமை உண்டு என்று அப்போது கட்சித் தலைவராக இருந்த கியர் ஸ்டார்மர் ஒரு வானொலிப் பேட்டியில் சொன்னார். நான் அப்படிச் சொல்லவில்லை என்று பிறகு விளக்கம் கொடுத்தார். அடுத்த மாதம் போர்நிறுத்தத் தீர்மானத்தில் அவர் எம்.பி.க்கள் 56 பேர் கட்சிக் கட்டளையை மீறினார்கள். பெரிய வெற்றி கிடைத்த அதே இரவில், 22,000க்கும் மேல் வித்தியாசம் வைத்திருந்த லெஸ்டர் சவுத் தொகுதியை நிழல் அமைச்சர் ஒருவர் ஒரு சுயேச்சையிடம் 979 வாக்கில் பறிகொடுத்தார். ஈராக் கோபத்தில் 2004 இடைத்தேர்தலில் இதே கட்சி இழந்த அதே லெஸ்டர் சவுத். ஆட்சிக்கு வந்த முதல் மாதமே ஏறக்குறைய ஒரு கோடி முதியவர்களுக்குக் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை வெட்டினார்கள். தேர்தல் அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அடுத்த ஜூனில் பெரும்பாலானவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார்கள்.