எண்ணைச் சொன்னால் பொருத்தம் சொல்வார்கள்

டே-சாக்ஸ் என்ற பரம்பரை நோய் உள்ள குழந்தையிடம் பிறக்கும்போது ஒரு குறையும் தெரியாது. பால் குடிக்கும், முகம் பார்த்துச் சிரிக்கும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மாற்றம் தொடங்கும். கதவு சாத்தும் சத்தத்துக்கே தூக்கிவாரிப்போடும். நின்ற கழுத்து மறுபடி தொய்யும். விழித்திரையின் நடுவில் செர்ரிப் பழ நிறத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை 1881-ல் முதலில் விவரித்தவர் பிரிட்டிஷ் கண் மருத்துவர் வாரன் டே. நியூயார்க் நரம்பியல் மருத்துவர் பெர்னார்ட் சாக்ஸின் பெயரும் சேர்ந்து, நோய்க்கு இந்தப் பெயர் நின்றது. இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் ஐந்து வயதைத் தாண்டுவதில்லை.

நரம்பு செல்களில் சேரும் ஒருவகைக் கொழுப்பை அகற்றுவது ஹெக்சோசமினிடேஸ்-ஏ என்ற என்சைம். அது இல்லாவிட்டால் குப்பை வண்டி வராத தெருதான். அந்த என்சைமுக்கான ஜீன் 15-ஆம் குரோமோசோமில், அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர்தான் கேரியர், அவருக்கு ஒரு நோவும் வராது. கணவன் மனைவி இருவரும் கேரியராக இருந்தால் மட்டுமே, ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்குப் பயமில்லை என்று கணக்குப் போடக் கூடாது. சீட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்கப்படுகிறது.

கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களில் ஏறக்குறைய 30 பேரில் ஒருவர் கேரியர். பொது மக்களில் 300 பேரில் ஒருவர் அளவுதான். சிறு கூட்டமாக இருந்த முன்னோர், தங்களுக்குள்ளேயே மணமுடித்துப் பெருகியதன் விளைவு. அவர்களிடம் அதிகம் காணப்படும் பழுது, ஜீனுக்குள் நான்கு எழுத்துகள் கூடுதலாக நுழைந்தது. செல் ஜீனை மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கும். ‘மரம் மலர் கடல்’ என்பதில் முதல் சொல்லுக்குப் பின் நான்கு ‘ப’ நுழைத்துப் படித்துப் பாருங்கள்: ‘மரம் பபப பமல ர்கட ல்’. அதற்குமேல் ஒன்றும் தேறாது.

ஜீனைப் படிக்கும் வசதி வருவதற்கு முன்பே பரிசோதனை வந்துவிட்டது. ஹெக்சோசமினிடேஸ்-ஏ சூட்டில் அழியும். அதன் கூட்டாளி ‘பி’ தாக்குப்பிடிக்கும். ரத்த மாதிரியைச் சூடாக்கும் முன்னும் பின்னும் அளந்தால் ‘ஏ’ எவ்வளவு இருந்தது என்று தெரிந்துவிடும். 1971-ல் மைக்கேல் கபாக் என்ற மருத்துவர் இதை வாஷிங்டன், பால்டிமோர் பகுதி யூதர்களிடம் கொண்டுபோனார். ஜெப ஆலயத்திலேயே ரத்தம் எடுத்தார்கள். அதற்குப் பின் வந்த பத்தாண்டுகளில் வட அமெரிக்க யூதர்களிடையே இந்த நோயுடன் பிறக்கும் குழந்தைகள் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தார்கள்.

கருக்கலைப்பை ஏற்காத மரபுவாத யூதர்களுக்குக் கர்ப்பத்துக்குப் பின் தெரிவதில் பெரிய பயனில்லை. டே-சாக்ஸுக்கு நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்த ரப்பி (யூத மதகுரு) ஜோசஃப் எக்ஸ்டீன், 1980-களில் புரூக்ளினில் ‘டோர் யெஷோரிம்’ அமைப்பைத் தொடங்கினார். கல்யாண வயதை நெருங்கும் பிள்ளைகளிடம் ரத்தம் எடுத்து ஓர் எண் கொடுப்பார்கள். முடிவைச் சொல்ல மாட்டார்கள். வரன் வந்தால் இரண்டு எண்களையும் சொல்லிக் கேட்கலாம். இருவருக்கும் ஒரே ஜீனில் பழுது இருந்தால்தான் ‘பொருந்தாது’ என்பார்கள். என் உடம்பின் சேதியை எனக்கே மறைப்பதா என்ற எதிர்ப்பும் உண்டு, நியாயமான கேள்விதான். ஆனாலும் ‘அந்தக் குடும்பத்துப் பெண்ணா?’ என்ற பேச்சு கிளம்பாமல் தடுத்தது இந்த மௌனம்தான். அப்புறம், ஆபத்து இருப்பது தனி ஆளிடம் அல்ல, ஜோடியிடம். விடையும் ஜோடிக்கே தரப்படுகிறது.

இன்று ஒரே ரத்த மாதிரியில் கேனவன், கோஷே எனப் பல பரம்பரை நோய்களைப் பார்க்கிறார்கள். வழக்கமாக ஒருவரை முதலில் சோதிப்பார்கள். அவர் கேரியர் என்றால் மட்டும் துணையை அழைப்பார்கள். இருவருமே கேரியர் என்றால், சோதனைக் குழாயில் கருவை உருவாக்கி, நோயில்லாததைத் தேர்ந்து கருப்பையில் வைக்கலாம். ஏற்கெனவே கர்ப்பம் என்றால் காத்திருக்க நேரமில்லை. இருவரிடமும் ஒரே நாளில் ரத்தம் எடுத்துவிடுவார்கள்.