பால் பசைதானே என்று அலட்சியம் வேண்டாம்

பழைய மரச்சாமான்களைச் செப்பனிடுவது என் தொழில். விட்டுப்போன மர இணைப்பைப் பிரிக்கும்போது, மஞ்சளாகி இறுகிப்போய், உளி பட்டால் பொருபொருவென்று உதிரும் படலம் சில சமயம் கிடைக்கும். கேசீன் பசை. பாலில் செய்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பியவர்களோ, "பால்தானே, என்ன ஆகிவிடும்?" என்று வெறுங்கையால் கலக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் கவலை.

பசும்பாலில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசீன். புளிப்பு ஏறி, அமில-கார அளவான பி.எச். 4.6 வாக்கில் வந்ததும் அது திரிந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி தண்ணீரில் கரையாது. காரம், அதாவது அமிலத்துக்கு எதிரான பொருள், சேர்த்தால் குழைந்து பசையாகும். எந்தக் காரம் என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாமே. சமையல் சோடா போட்டால் காகிதம், அட்டை ஒட்டலாம்; நனைந்தால் விட்டுவிடும். நீற்றிய சுண்ணாம்பு போட்டால் கால்சியம் கேசினேட் ஆகி, காய்ந்த பிறகு ஈரத்துக்கு ஓரளவு ஈடுகொடுக்கும். மரவேலைக்கு இதைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஓரளவுதான். இரண்டாம் உலகப் போரில் மரத்தால் கட்டிய பிரிட்டனின் மாஸ்கிட்டோ போர் விமானங்களுக்கு முதலில் இந்தப் பசையைத்தான் போட்டார்கள். ஈரப்பதம் மிகுந்த இடங்களில் நம்ப முடியாமல் போகவே செயற்கைப் பிசினுக்கு மாறினார்கள். ஆகவே வெயில் மழையில் நிற்கும் கதவுக்கு இது வேண்டாம். ஆனால் கண்ணாடிப் பாட்டிலில் லேபிள் ஒட்ட இதைப்போல் ஒன்றில்லை. ஐஸ் தண்ணீரில் கிடந்தாலும் லேபிள் உரியாது. பாட்டில் கழுவும் சூடான காரக் கரைசல் பட்டால் கழன்றுவிடும்.

சரி, ஆபத்து எங்கே? சுண்ணாம்பில். அதன் பி.எச். 12-க்கு மேல், அதாவது கடுமையான காரம். என்னிடம் வேலை பழகிய ஒருவர் கண்ணாடி போடாமல் கலக்கியபோது ஒரு துளி கண்ணில் தெறித்தது. உடனே குழாயடியில் இமையை விரித்துப் பிடித்து, 20 நிமிடம் விடாமல் நீர் ஓடவிட்டோம். அதன் பிறகுதான் மருத்துவரிடம் போனோம். பார்வை தப்பியது. கண்ணைக் கசக்கியிருந்தால், கழுவாமல் வண்டி தேடி ஓடியிருந்தால், என்ன ஆகியிருக்குமோ! அன்றிலிருந்து கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் சுண்ணாம்புப் பொட்டலத்தைத் தொடவிடுவதில்லை. குழந்தைகளுக்குச் செய்துகாட்டுவதென்றால் சமையல் சோடா மட்டும் போதும்.

இன்னொன்று, பால் ஒவ்வாமை. பலர் இதை லாக்டோஸ் செரிக்காமையோடு குழப்பிக்கொள்கிறார்கள். லாக்டோஸ் சர்க்கரை, கேசீன் புரதம். பால் ஒவ்வாமையைத் தூண்டும் முக்கியப் புரதங்களில் கேசீனும் ஒன்று. அதனால் அந்த ஒவ்வாமை உள்ளவர்கள் கேசீன் தூளைக் கையாள்வதையும் அதன் தூசியைச் சுவாசிப்பதையும் தவிர்க்க வேண்டும். பணிமனையில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் முதல் நாளே இதைக் கேட்டுவிடுகிறேன்.

மரத்துக்கும் ஒரு சொல். ஓக் போல டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த மரத்தில் இந்தக் காரம் கறுப்புக் கறை விடும். வழிந்ததை உடனே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கலக்க அலுமினியப் பாத்திரமும் ஆகாது, காரம் அரித்துவிடும். சுண்ணாம்புப் பசை சில மணி நேரத்திலேயே கெட்டியாகிவிடும். தண்ணீர் ஊற்றி இளக்கினால் ஒட்டும் பலம் இருக்காது. அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். சோடா போட்டது மறுநாள் நாறத் தொடங்கினால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.