ஒட்டுவதற்கு முன் கார்டைத் திருப்பிப் பாருங்கள்

போன வருடம் ஒரு பெண்மணி கனமான ஆல்பம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு சிகாகோ புறநகரில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். அவருடைய அப்பா 1967இல் மேற்படிப்புக்காக இண்டியானா வந்தவர். விடுமுறை நாட்களில் நண்பர்களோடு ஒரு பழைய காரில் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார். தங்கிய மோட்டல்களில் மேசை இழுப்பறைக்குள் இலவசமாக வைத்திருக்கும் போஸ்ட்கார்டுகளை எடுத்து, கும்பகோணத்தில் இருந்த மனைவிக்கு எழுதிப் போட்டிருக்கிறார். அந்த அம்மா அத்தனையையும் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்து, பின்னால் இங்கே குடிவந்தபோது கையோடு கொண்டுவந்தார். டின்னில் கிடந்தவரை கார்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "இப்படியே போட்டு வைத்தால் வீணாய்ப் போய்விடும்" என்று குடும்பத்தில் யாரோ அக்கறைப்பட்டு, 1980களில் ஒரு ஆல்பம் வாங்கி ஒட்டிவிட்டார்கள். நியான் விளக்கும் நீச்சல்குளமும் மேல்பக்கம். அப்பாவின் கையெழுத்து பசைக்குள்.

அப்பா இப்போது இல்லை. மகளுக்கு நீச்சல்குளம் வேண்டாம், கையெழுத்து வேண்டும்.

பழைய காகிதங்களையும் புகைப்படங்களையும் செப்பனிடுவது என் தொழில். 1930களிலிருந்து 1970கள் வரையிலான அமெரிக்கச் சாலைப் பயணங்களின் மிச்சசொச்சங்கள் என் மேசைக்கு நிறைய வரும்: மோட்டல் கார்டு, பெட்ரோல் பங்கில் சும்மா கொடுத்த சாலை வரைபடம், ஓட்டல் பெயர் போட்ட தீப்பெட்டி, ஸ்லைடு, நெகட்டிவ். காலத்தால் தானாகக் கெட்டு வருபவை குறைவு. பத்திரப்படுத்துகிறேன் பேர்வழி என்று யாரோ செய்த வேலையால் கெட்டவைதான் அதிகம். அதிலும் முதலில் அடிபடுவது கார்டின் பின்பக்கம்.

அந்த வகை ஆல்பத்தை இங்கே 'மேக்னடிக் ஆல்பம்' என்று விற்றார்கள். காந்தத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தடித்த அட்டையில் வரிவரியாகப் பசை, அதற்கு மேல் உரித்து மூடும் பிளாஸ்டிக் தாள், அவ்வளவுதான். நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களிலும் இது வந்தது. முதல் சில வருடங்கள் பசை இளகியிருக்கும். எடுக்கலாம், மாற்றி வைக்கலாம். அப்புறம் அது பழுப்பேறி இறுகிக் காகித இழைக்குள் இறங்கிவிடும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் பல ஆல்பங்களில் பிவிசி. அது சிதையும்போது அமில ஆவி வரும். அதை வளையவைக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருளும் கசிந்து கார்டின் பளபளப்பில் ஒட்டிக்கொள்ளும். கீழே பசை, மேலே பிவிசி, அட்டையிலேயே அமிலம். மூன்று பக்கமும் அடி.

பசையைக் கரைக்கும் திரவத்தைத் தொட்டுத் துடைத்தால் ஆகாதா என்று கேட்பார்கள். அப்பா பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தார். பசை கரைகிற திரவத்தில் பால்பாயின்ட் மையும் கரையும். அதனால் லேசாகச் சூடேற்றிய மெல்லிய தகடும், மெழுகு பூசாத டென்டல் ஃப்ளாஸ் நூலும்தான் ஆயுதம். நூலைக் கார்டுக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, அரம்பம் அறுப்பதுபோல் இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும். 41 கார்டுகளுக்கு ஆறு வாரம் ஆயிற்று. 38 முழுசாக வந்தன. மூன்றில் மை மொத்தமும் பசையோடு போய்விட்டது. ஆனால் ஆல்பத் தாளில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரிந்தன. அவற்றைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டோம். ஒன்றில் தேறியது ஒரே ஒரு வரி: "இங்கே தயிரில் சர்க்கரை போட்டு விற்கிறார்கள்."

உங்கள் வீட்டில் இப்படி ஆல்பம் இருந்தால் உடனே உரிக்கப் போகாதீர்கள். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே படமெடுத்துவிடுங்கள். எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். பிறகு ஒரு மூலையை மட்டும் நூலால் சோதியுங்கள். எளிதாக எழும்பினால் எடுங்கள். எழும்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பின்பக்கத்துக்கு ஏன் இத்தனை மல்லுக்கட்டு? முன்பக்கம் பொய் சொல்லும், அதனால்தான். துணி நெசவு போன்ற சொரசொரப்புடன் அடர்ந்த வண்ணத்தில் இருக்கும் கார்டுகளை 'லினன்' கார்டு என்பார்கள். 1930களிலும் 40களிலும் கொடிகட்டிப் பறந்தவை. இவற்றை அச்சடித்தவர்களில் பெரியவர்கள் சிகாகோவின் கர்ட் டைக் நிறுவனத்தார். ஜெர்மனியிலிருந்து வந்த கர்ட் டைக் 1898இல் தொடங்கியது, 1978 வரை நடந்தது. லினன் கார்டுக்கு மூலம் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். அதில் மின்கம்பத்தையும் கம்பியையும் அழித்துவிடுவார்கள். வெறும் வானத்தில் அந்தி மேகம் வரைவார்கள். காலிமனையில் புல்வெளி முளைக்கும். எல்லா வண்ணமும் ஆள் சொல்லிச் சேர்த்தவை. எந்த இடத்துக்கு என்ன வண்ணம் என்று எழுதிய குறிப்புகளோடு அந்த நிறுவனத்தின் பழைய கோப்புகள் 2016இலிருந்து சிகாகோ நியூபெரி நூலகத்தில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் போய்ப் பார்க்கலாம். பார்த்துவிட்டு வந்தால், லினன் கார்டின் நீலவானத்தை அப்புறம் நம்பவே தோன்றாது.

பின்பக்கம் அப்படி இல்லை. டைக் கார்டில் அச்சாகியிருக்கும் குறியெண்ணில், ஆங்கில எழுத்து ஏ என்றால் 1930கள், பி என்றால் 40கள், சி என்றால் 50கள். அதற்கு முன்னால் இருக்கும் இலக்கம் ஆண்டைச் சொல்லும். '7ஏ' 1937, '2பி' 1942. முத்திரை மங்கியிருந்தாலும் தபால் தலையே ஒரு கடிகாரம். அமெரிக்காவுக்குள் கார்டு அனுப்ப 1951 முடியும்வரை ஒரு சென்ட், 1952இலிருந்து இரண்டு, 1958 ஆகஸ்டில் மூன்று, 1963 ஜனவரியில் நான்கு, 1968 ஜனவரியில் ஐந்து. முகவரியில் ஜிப் என்கிற ஐந்திலக்கப் பின்கோடு இருந்தால் அது 1963 ஜூலைக்குப் பிந்தியது. தபால் தலையைச் சேகரிப்பதற்காகக் கார்டைத் தண்ணீரில் ஊறவைத்து உரிக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். இரண்டு சென்ட் தலை ஒரு காசு பெறாது. தலை போன கார்டுக்கோ வயது சொல்ல ஆளில்லை.

வாங்கிச் சேர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'நிஜப் புகைப்படக் கார்டு' என்று சொல்லி விற்பதைப் பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. உண்மையான புகைப்படத்தில் புள்ளியே இருக்காது, நிழல் இழைந்து இழைந்து போகும். இன்னொன்று, கறுப்பு விளக்கு என்கிற புற ஊதா டார்ச். 1950களிலிருந்து புகைப்படத் தாளில் வெண்மையைக் கூட்டும் ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். அது இந்த வெளிச்சத்தில் சலவைக்கு நீலம் போட்ட வேட்டி மாதிரி ஒளிரும். '1920ஆம் ஆண்டுக் கார்டு' அப்படி ஒளிர்ந்தால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரே பெட்டியில் வந்ததை மாநிலவாரியாகப் பிரித்துவிடாதீர்கள் என்று சொன்னால் சேகரிப்பவர்கள் பலருக்குக் கோபம் வருகிறது. வியாபாரிகள் பிரிப்பார்கள், அது அவர்கள் பிழைப்பு. ஆனால் 1955 கோடையில் ஒரு குடும்பம் வழியெல்லாம் வாங்கிய கார்டு, கிழித்த டோல் சீட்டு, காப்பிக் கறை படிந்த வரைபடம் எல்லாம் சேர்ந்திருந்தால்தான் அது ஒரு பயணம். பிரித்தால் வெறும் கார்டு. புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ் சேர்த்த ஏறத்தாழ 9,000 போஸ்ட்கார்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் தன் போக்கில் வகுத்துக்கொண்ட தலைப்புகளின் கீழ் அவற்றை அடுக்கி வைத்திருந்தார். அந்த அடுக்கைப் பார்த்தாலே அவர் கண் எதைத் தேடியது என்பது புரியும்.

பிடிக்காததை வெட்டி எறிவதும் கூடாது. ஒரு முறை ஒருவர் ஏரிக்கரை விடுதி ஒன்றின் மடிப்பிதழைக் கொண்டுவந்து, கீழே ஒரு வரி அசிங்கமாக இருக்கிறது, அதை மட்டும் மறைத்துச் சட்டம் போட முடியுமா என்றார். 'வரையறுக்கப்பட்ட விருந்தினருக்கு மட்டும்' என்பது அந்த வரி. யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் இடமில்லை என்பதை அந்தக் காலத்தில் நாசூக்காகச் சொன்ன விதம் அது. மறைக்க மாட்டேன் என்றேன். விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936இலிருந்து வெளியிட்ட 'கிரீன் புக்' வழிகாட்டிகள் ஏன் தேவைப்பட்டன என்பதற்கு இந்த ஒரு வரியே சாட்சி. கறுப்பினத்தவர் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்று ஊர் ஊராகச் சொன்ன சன்னமான புத்தகம். பழைய பயணக் காகிதங்களுக்கு நடுவே அதில் ஒன்று அகப்பட்டால் கிழிந்திருந்தாலும் எறிந்துவிடாதீர்கள்.

வைக்கும் முறையில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் உறை வேண்டுமென்றால் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன். புது ரெக்சின் பை வாசனை அடித்தால் அது பிவிசி, வேண்டாம். 'ஆசிட் ஃப்ரீ' என்ற லேபிளை மட்டும் நம்பாதீர்கள். யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம். பேஸ்மென்ட்டில் ஈரம், பரணில் வெக்கை. நீங்கள் புழங்குகிற அறையின் அலமாரிதான் காகிதத்துக்கும் நல்லது. ஈரம் இருந்தால் பூஞ்சையும் வரும், இராமபாணப் பூச்சியும் வரும். லேமினேஷன் மட்டும் செய்யவே செய்யாதீர்கள், அது ஒருவழிப் பாதை. செலோடேப்பும் அப்படித்தான். பெயர் எழுத வேண்டுமென்றால் மென்மையான பென்சிலில், கார்டைக் கெட்டியான மேசைமேல் வைத்து, பின்பக்க ஓரத்தில், அழுத்தாமல். சுவரில் மாட்ட ஆசை இருந்தால் நகலை மாட்டுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது இரண்டு பக்கமும் செய்யுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் முன்பக்கம் மட்டும் ஸ்கேன் செய்த கோப்புகள்தான் வருகின்றன.

புகைப்படங்களும் அதேபோல்தான். 1950, 60களின் கோடாக் படங்களில் வெள்ளை ஓரத்தில் மாதமும் ஆண்டும் சிறிதாக அச்சாகியிருக்கும். ஓரத்தை வெட்டி ஆல்பத்தில் செருகினால் தேதி போச்சு. (அது படம் கழுவிய தேதிதான், எடுத்த தேதி அல்ல. கோடையில் எடுத்த சுருள் தீபாவளி வரை கேமராவுக்குள் கிடக்கிற வழக்கம் நமக்கு மட்டும் உரியதில்லை.) கோடாக்ரோம் ஸ்லைடுகள் இருட்டில் இருந்தால் ஆச்சரியமாக நிறம் காக்கும்; புரொஜெக்டரில் திரும்பத் திரும்பப் போட்டால் சீக்கிரம் வெளுக்கும். அதே காலத்து எக்டாக்ரோம் என்கிற இன்னொரு வகை ஸ்லைடு பெட்டிக்குள்ளேயே சிவந்துபோயிருக்கும். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

நெகட்டிவ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பயப்படுங்கள். 1950களுக்கு முந்தைய நெகட்டிவ்களில் சில நைட்ரேட் ஃபிலிம். கோடாக் அதை 1951இல்தான் முழுதாக நிறுத்தியது. பழுப்பேறி, பிசுபிசுத்து, காரமான நெடி அடித்தால் அதுவாக இருக்கலாம். தீப்பிடித்தால் தண்ணீரால் அணைக்க முடியாது. எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. இறுக மூடிய டின்னிலோ வெயில் படும் இடத்திலோ வைக்காதீர்கள். விளக்குச் சூட்டுக்கு அருகிலும் கொண்டுபோகாதீர்கள். தீயணைப்புத் துறையையோ உள்ளூர் ஆவணக் காப்பகத்தையோ கேட்டுவிட்டுத் தொடுங்கள். வினிகர் வாசம் மட்டும் அடித்தால் அது அசிடேட் என்கிற வேறு வகை ஃபிலிம். ஆபத்தில்லை, ஆனால் சுருங்கிக்கொண்டே போகும். சீக்கிரம் ஸ்கேன் செய்து, மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

தீப்பெட்டி அட்டை சேர்ப்பவர்களும் இதைக் கவனியுங்கள். அறுபது வருடக் குச்சியும் பற்றும். இந்த ஊர்த் தீப்பெட்டி பெரும்பாலும் மடித்த அட்டைக்குள் குச்சிகளைப் பின் அடித்தது; சேகரிப்பாளர்கள் பின்னைக் கழற்றிக் குச்சிகளை எடுத்துவிட்டு அட்டையைத் தட்டையாக வைப்பார்கள். குச்சியோடு விமானத் தபாலில் ஊருக்கு அனுப்புவது சட்டப்படியும் தவறு.

கடைசியாக, நம்மவர்களிடம் ஒரு விசாரிப்பு. 1970களிலும் 80களிலும் இந்தச் சாலையோர மோட்டல்கள் ஒவ்வொன்றாக குஜராத்திப் பட்டேல் குடும்பங்களின் கைக்கு வந்தன. ரிசப்ஷனுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறையில் குடியிருந்து, பிள்ளைகளையே மேசையில் உட்காரவைத்து நடத்தினார்கள். அந்தச் சமயத்தில் எதிர்வரிசை மோட்டல்காரர் சிலர் 'அமெரிக்கருக்குச் சொந்தமானது' என்று பலகை மாட்டினார்கள். அந்தக் காலத்துச் சாவி வில்லை, அறை வாடகைப் பட்டியல், வாசலில் குடும்பத்தோடு நின்று எடுத்த போட்டோ ஆகியவற்றை இதுவரை என்னிடம் வந்த பெட்டிகளில் இரண்டே இரண்டில்தான் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒரு பெட்டி குப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து எடுத்தது. உங்கள் பக்கத்து வீட்டுப் பட்டேல் மாமா மோட்டலை விற்றுவிட்டு மகன் வீட்டுக்குப் போகிறார் என்றால், டிராயரைக் காலி செய்வதற்கு முன் ஒரு எட்டு போய்ப் பாருங்கள். ஆல்பம் எதுவும் வாங்கிக்கொண்டு போக வேண்டாம். ஒரு செருப்பு டப்பா போதும்.