போர் தண்ணீர் ஏன் வெதுவெதுப்பாக வருகிறது?

காரைக்குடிப் பக்கம் ஆயிரம் அடி போர் போட்ட வீட்டில் மார்கழிக் காலையில் மோட்டாரைப் போட்டால் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும். "கீழே எரிமலை கிரிமலை இருக்குமோப்பா?" என்று பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டார்கள். இல்லை ஆச்சி. எங்கே தோண்டினாலும் சூடு ஏறத்தான் செய்யும், பெரும்பாலான இடங்களில் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி. பூமி உருவானபோது உள்ளே தங்கிய சூடும், பாறையிலிருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைவதால் வரும் சூடும் மெல்ல மேலே கசிகின்றன.

எவ்வளவு கசிகிறது என்பதுதான் கேள்வி, அதற்குத் தெர்மாமீட்டர் மட்டும் போதாது. நம்ம ஊர்ப் பழைய வீடுகளின் கனத்த சுண்ணாம்புச் சுவரைப் பாருங்கள்: வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே குளுகுளுவென்று இருக்கும், இருபக்கமும் வித்தியாசம் அதிகம், ஆனால் சுவர் வழியாக வரும் சூடு கொஞ்சம்தான். பாறையிலும் அதே கதை. ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலை ஏறும் வேகத்தை, அந்தப் பாறை சூட்டைக் கடத்தும் திறனோடு பெருக்கினால்தான் வெப்பப் பாய்வு கிடைக்கும். சதுர மீட்டருக்கு 60 மில்லிவாட் (ஆயிரம் மில்லிவாட் ஒரு வாட்) பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருங்கல்லில் கிலோமீட்டருக்குச் சுமார் 20 டிகிரி ஏறும், சூட்டை அதில் பாதியே கடத்தும் களிமண் படிவில் 40 ஏறும். செட்டிநாடு காவிரிப் படுகையின் ஓரத்தில் இருக்கிறது, மேற்கே கடினப் பாறை, கிழக்கே போகப் போகப் படிவு தடிக்கிறது, அதனால் இங்கே வெறும் வெப்பநிலையை வைத்து வரைபடம் போட்டால் ஏமாந்துபோவோம்.

அளப்பதற்குப் பொறுமை வேண்டும். துளை போட்ட சூடு அடங்கும்வரை காத்திருந்து, நுட்பமான உணரியைக் கேபிளில் மெல்ல இறக்கி, சில மீட்டருக்கு ஒருமுறை குறிக்க வேண்டும். மேலே உள்ள சில பத்து மீட்டர் பருவத்துக்கு ஏற்ப மாறும், அதை விட்டுவிடுவார்கள். நிலத்தடி நீர் ஓடினாலும் கணக்கு குழம்பும். அப்புறம் பாறைத் துண்டை ஆய்வகத்தில் சோதிப்பார்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் நாட்டில் பல இடங்களில் இப்படி அளந்திருக்கிறது.

சரி, மின்சாரம் வருமா? 60 மில்லிவாட் என்றால் ஒரு ஏக்கருக்குச் சுமார் 240 வாட் சூடு, அத்தனையும் மின்சாரமாக மாறினால்கூட மூன்று சீலிங் ஃபேன்தான் ஓடும். ஆகவே நாம் எடுப்பது தினமும் கசிந்து வருவதை அல்ல, லட்சக்கணக்கான வருடம் பாறையில் சேர்ந்த சூட்டை. பாய்வு தெரிந்தால் 3 கிலோமீட்டர் ஆழத்தில் எவ்வளவு சூடு என்று கணிக்கலாம். லடாக்கின் பூகாவில் வெந்நீர் தானே பொங்குகிறது. நம்ம பக்கம் அந்த ஆழத்தில் 100 டிகிரி கிடைத்தாலும், அதைச் சுமந்து வர நீர் ஓடும் பாறை வேண்டும்.

தண்ணீர் கிடைக்காமல் கைவிட்ட ஆழமான போர் யாரிடமாவது இருந்தால், தூர்க்கும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். யாரும் தண்ணீர் இறைக்காத அந்தத் துளை அளப்பதற்கு மிக நல்ல இடம், அதுவரை பிள்ளைகள் விழாதபடி இரும்பு மூடி போட்டுப் பூட்டி வையுங்கள்.